சொல்லாமல் போன மலர் அன்ரி

அந்த லொறிக்கு இரும்பில் ஒரு கை இருந்தது. விரல்களை விரித்துக்கொண்டு இறங்கும். தெருவோரத்தில் நாங்கள் குவித்து வைத்திருந்ததை ஒரு பிடியாகப் பிடித்து மேலே தூக்கும். முதல் பிடியில் சோபா செற்றி போனது. இரண்டாவது பிடியில் என் மெத்தையும் புத்தக அலுமாரியும் போயின. மூன்றாவது பிடியில் கறுப்புப் பைகள். அவற்றில் ஒன்று கிழிந்து, உள்ளேயிருந்து கடும் நீலத்தில் ஒரு கை வெளியே தொங்கியது. ஆண்கள் போடும் குளிர்காலக் கோட்டின் கை. மணிக்கட்டுப் பக்கத்தில் கடையின் அட்டை இன்னும் நூலில் ஆடிக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டியது.

நான் முழங்கால் உயரச் சப்பாத்தும் முகக்கவசமுமாகத் தெருவில் நின்று லொறிக்காரருக்குப் பிரெஞ்சில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னை 'மதாம்' என்று அழைத்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா ஐந்தையும் முடிக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். நிலவறையிலிருந்து எதை எறிவது, எதை வைப்பது என்று மூன்று நாட்களாக முடிவு செய்தவள் நான்தான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

அம்மா யன்னலில் நின்றார். லொறி போன பிறகும் நின்றார். நான் உள்ளே வந்தபோது ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாத்தையும் எறிஞ்சாச்சோ?"

"தண்ணி பட்டது ஒண்டையும் வைச்சிருக்கக் கூடாதம்மா. பூஞ்சணம் பிடிக்கும்."

"சரி பிள்ளை."

அந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது என்று தெரிய எனக்கு ஐந்து கிழமைகள், ஒரு மாதத்துக்கு மேல், எடுத்தன.

தண்ணீர் தெரியும் வீடு

முதலில் நாங்கள் இருந்தது மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஒரு ஒன்பதாம் மாடி வீட்டில். அப்பா பக்கத்து மருத்துவமனையில் நிலம் துடைத்தார். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் மீன்பிடித்தவர், பதினைந்து வருடத்துக்கு மேல் தண்ணீரே தெரியாத ஒரு யன்னலுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

வீடு வாங்கும் காலம் வந்தபோது தெரிந்தவர்கள் எல்லாரும் புரோசார்ட், லவால் என்று எங்கள் ஆட்கள் குடியேறிய புறநகர்களைக் காட்டினார்கள். அப்பா இல்-பிசார் தீவில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டைப் பிடித்தார். "மொன்றியலுக்கு வந்தும் நெடுந்தீவுக்குப் போற சனம் நீங்கள்தான்" என்று எங்கள் ஊர்ப்பக்கத் தூரத் தீவைச் சொல்லி அப்பாவின் சிநேகிதர் பகிடி பண்ணினார். கடலை விட்டு ஓடிவந்த ஆள் ஏன் ஆற்றுக்குப் பக்கத்தில் போய்க் குந்த வேண்டும் என்று அம்மா கேட்டார். ஆறு கடல் மாதிரி இல்லை, தன்ரை பாட்டில் போகும் என்றார் அப்பா.

மூன்று வருடம் அது தன் பாட்டில்தான் போனது. கோடையில் லவால் பக்கம் போகும் சின்னப் படகைப் பார்க்க அப்பா மாலையில் நடந்து போவார். ஏறமாட்டார். பார்த்துவிட்டு வருவார்.

பிறகு ஒரு வசந்தத்தில் பனி உருகுவதும் மழையும் ஒன்றாக வந்தன. பக்கத்து வீட்டு கயேத்தான், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, அப்பாவோடு சேர்ந்து இரண்டு நாள் மண்மூட்டை அடுக்கினார். அப்பா போடும் முடிச்சு எந்த இழுப்புக்கும் அவிழவில்லை என்பதைக் கண்டு அப்பாவுக்கு 'காப்பித்தேன்', அதாவது கப்பல் கப்டன், என்று பெயர் வைத்தார். எங்கள் வாசலில் இடுப்புயரச் சுவர் எழும்பியது. தண்ணீர் வாசலால் வரவில்லை. நிலவறை நிலத்தில் இருந்த வடிகால் துவாரத்தால், கீழிருந்து, சத்தமில்லாமல் வந்தது. நாலு இரவு கோட்-டெ-நெய்ஜில் சிநேகிதர் வீட்டில் படுத்தோம். திரும்பி வந்தபோது நிலவறைச் சுவரைச் சுற்றி, கோடுபோட்டுக் கீறியது போல, மண்ணிறத்தில் ஒரு வரி.

ஒருத்தரும் சாகேல்லை

தொலைபேசியில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆருக்கும் ஒன்றும் இல்லைத்தானே? இல்லை என்றதும், "பிறகென்ன, ஒருத்தரும் சாகேல்லைத்தானே" என்று நிம்மதியாக வேறு கதைக்குப் போனார்கள்.

அவர்களில் பிழை இல்லை. எங்கள் ஆட்கள் சுனாமியையும் போரையும் கண்டவர்கள். அதற்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிலவறை வெள்ளம் சுண்டுவிரல் உயரமும் வராது. அம்மாவும் அதையே சொன்னார். நானும் சொன்னேன். ஆறு வயதில் நான் பிரெஞ்சு எழுதிப் பழகிய கொப்பிகள் ஊறிக் கூழாகியிருந்தன. அவற்றைப் பைக்குள் தள்ளும்போதும் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டேன். அழுகை அடங்கிவிட்டது. நல்ல மருந்து என்று நினைத்தேன்.

அம்மாதான் மாறிக்கொண்டு போனார். அதை முதலில் வாசலில் கவனித்தேன்.

எங்கள் வீட்டில் யாரும் 'போறன்' என்று சொல்வதில்லை. போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் 'போட்டு வாறன்' என்போம். உள்ளே இருக்கிறவர் 'போட்டு வா' என்று பதில் தரவேண்டும். அம்மா இதில் கடும் கண்டிப்பு. பதினாறு வயதில் ஒருநாள் கோபித்துக்கொண்டு சொல்லாமல் இறங்கிப் போனேன் என்று, செருப்பும் போடாமல் பஸ் தரிப்புவரை பின்னால் வந்தவர். நான் அதைச் சொன்ன பிறகுதான் திரும்பினார். அவ்வளவு பேருக்கு முன்னால் எனக்கு மானம் போனது. அப்படிப்பட்டவர், வெள்ளத்துக்குப் பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டார். நான் வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவேன்.

நிலவறைக்கு அவர் இறங்கவே இல்லை. சமைத்தார், சாப்பிடவில்லை. முழங்கால் நோ என்றார். நம்பினேன்.

பிறகு அவர் வேலை செய்யும் கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே அம்மா சமையல். பிள்ளைகள் அவரை 'மதாம் சூப்' என்பார்கள். பொறுப்பாளர் தயங்கித் தயங்கிக் கதைத்தார். சில நாட்களாக அடுப்பில் சூப்பை விட்டுவிட்டு, உங்கள் அம்மா பிள்ளைகளின் கோட்டுகள் தொங்கும் இடத்தில், அந்தச் சின்ன வாங்குப் பலகையில் போய்க் குந்தியிருக்கிறார். கூப்பிட்டால் எழும்பி வருகிறார். ஆனால் நெருப்பு விஷயம். இரண்டு கிழமை வீட்டில் நிற்கட்டும், அதற்குப் பிறகும் இப்படியென்றால் வேறு யோசிக்க வேண்டிவரும்.

அந்த வேலை போனால் அம்மா நொறுங்கிப் போவார் என்று எனக்குத் தெரியும். எழுத வாசிக்கத் தெரியாதது ஒரு குறையே இல்லாமல் அவர் நிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் அது. நான் படித்ததை எடுத்தேன். அனர்த்தத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்கும் கேள்விகள் அச்சடித்த ஒரு தாள் எங்களுக்குத் தந்திருந்தார்கள். அதோடு அம்மாவுக்கு முன்னால் போய் இருந்தேன்.

"அம்மா, உங்களுக்கு நித்திரை ஒழுங்கா வருதோ?"

"வருது."

"பசி?"

"நீ ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்? பேப்பரோடையோ, என்னோடையோ?"

தாளை மடித்தேன். அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம்தான். கேட்காமல் எழும்பினேன்.

விமான நிலையக் கோட்டு

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும்.

அம்மாவும் நானும் மொன்றியலில் இறங்கியது ஒரு ஜனவரியில். எனக்கு ஆறு வயது. அப்பா எங்களுக்கு நாலைந்து வருடம் முன்னதாகவே வந்து, பிறகு எங்களைக் கூப்பிட்டு எடுத்தவர். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவர் இரண்டு கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டும் இரவல். என்னுடையது என் கணுக்கால்வரை வந்தது. யாரோ புகைபிடிக்கிறவருடைய வாசம் அதில் இருந்தது.

எங்கள் ஆட்களுக்குள் இது வழமை. ஊரிலிருந்து வருகிறவர்கள் மெல்லிய கம்பளிச் சட்டையோடு வந்து இறங்குவார்கள். கூட்டிவரப் போகிறவர் ஒரு கோட்டைக் கொண்டு போகவேண்டும். அந்தக் கோட்டு அவர்கள் சொந்தமாக வாங்கும்வரை உடம்பில் இருந்து, பிறகு அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கள் நிலவறையிலும் அப்படி மூன்று நின்றன. "அந்தப் பெரிய மண்ணிறக் கோட்டு நிக்குதோ, இல்லை ஆரும் கொண்டு போட்டினமோ?" என்று தொலைபேசியில் கேட்பார்கள்.

நாலாவது கொளுக்கியில் ஒரு நீலக் கோட்டு தொங்கியது. அதை யாரும் கொண்டு போனதில்லை. யாராவது கேட்டால் அம்மா, "அது அளவு வராது" என்பார். வருகிறவர் உயரமோ கட்டையோ, அம்மா பார்த்தது கிடையாது. அளவு மட்டும் வராது. இதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். யாருடைய அளவு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நாலையும் ஒரே பைக்குள் திணித்தது நான்தான்.

மரக்கறிச் சாப்பாடு

அம்மா வீட்டில் நின்ற முதல் கிழமையின் முடிவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், புரோசார்ட்டிலிருந்து மலர் அன்ரி வந்தார். அவரும் அம்மாவும் கடற்கரையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் கதைப்பார்கள். எங்கள் தீவுக்கு அதுதான் முதல் வருகை. கணவர் காரை ஓட்டிவந்து, உள்ளே வராமல் காருக்குள்ளேயே இருந்தார்.

மலர் அன்ரி பெரிய பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். அம்மா ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். சோறு, பருப்பு, பூசணி, கத்தரிக்காய்ப் பிரட்டல்.

"என்ன மலர், மீன் இல்லையோ?"

"இண்டைக்கு மரக்கறி."

மீன் இல்லாமல் ஒரு வேளையும் உண்ணாத கரையிலிருந்து வந்த இரண்டு பேர். அம்மா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சாப்பிடக் கோப்பைகளை எடுத்துவந்தார்.

சாப்பிட்டபின் மலர் அன்ரி நிலவறையைப் பார்க்கவேண்டும் என்றார். அங்கே ஒன்றும் இல்லை என்றார் அம்மா. அவர் கேட்காமல் இறங்கினார். நானும் பின்னால் போனேன். சுவர்ப்பலகைகளை இடுப்பளவுக்கு வெட்டி எடுத்திருந்தோம். சட்டங்கள் எலும்பு மாதிரித் தெரிந்தன. ஜாவெல் கிருமிநாசினி மணம். படியடியில் நாலு கொளுக்கிகள் மட்டும் மிஞ்சி நின்றன. மலர் அன்ரி நாலாவதைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

மேலே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழும்பிக் கைப்பையை எடுத்தார். சப்பாத்தைப் போட்டார். கதவைத் திறந்து போய்விட்டார்.

அம்மா பாதி எழும்பினார். "என்ன, சொல்லாமல் போறாள்?"

எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்ளாமல் எழும்பிப் போகும் வீடு ஒன்றுதான் உண்டு. அது செத்த வீடு. அங்கே 'வாறன்' என்று சொன்னால், இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடும் என்று பயம்.

அம்மா வெறுங்காலோடு வெளியே போனார். முழங்கால் நோ எங்கே போனதோ தெரியாது.

"மலர், சொல்லிப்போட்டுப் போ."

மலர் அன்ரி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"ஆர் செத்தது இஞ்சை? என்ரை வீடென்ன செத்த வீடே?"

"அண்டைக்கும் நீ படலையடியிலை நிண்டு இப்பிடித்தான் கேட்டனி, தேவி" என்றார் மலர் அன்ரி. "வந்த அவ்வளவு சனத்தையும் சொல்ல வைச்சனி. நானும் சொன்னனான். இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். இண்டைக்குச் சொல்லமாட்டன்."

காரில் ஏறினார். கார் போய்விட்டது.

அம்மா வாசலில் இன்னும் அகற்றப்படாமல் கிடந்த மண்மூட்டையில் இருந்தார். இருந்து அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த கயேத்தான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் உள்ளே போனார்.

நாலாவது கொளுக்கி

மண்மூட்டைமேல் இருந்தபடி அம்மா சொன்னதை என்னுடைய வசனத்தில் சுருக்கித் தருகிறேன். அவருக்கு ஒரு தம்பி இருந்தார். ரவி. எனக்கு மூன்று வயதில் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலை, எங்களை மேட்டுப்பக்கம் ஓட்டிவிட்டு, படகின் இயந்திரத்தைக் கழற்றி எடுக்கத் திரும்பிப் போனவர். உடல் கிடைக்கவில்லை. மன்னாரில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்டதாக ஒருவர் சொன்னார். முகாமில் கண்டதாக இன்னொருவர். துக்கம் கேட்க வந்தவர்களை, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மா வாசற் படலையில் மறித்தார். 'போட்டு வாறம்' என்று சொல்லாமல் ஒருவரையும் வெளியே விடவில்லை. அது செத்த வீடு இல்லை என்றால், தம்பி சாகவில்லை.

மாமா ஒருவர் கடலில் காணாமல் போனது எனக்குத் தெரியும். கோட்டுத்தான் தெரியாது. இரவல் கோட்டோடு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோதே அம்மா நினைத்தாராம், அவன் வந்தால் இரவல் போடக்கூடாது என்று. முதல் சம்பளத்தில் வாங்கியிருக்கிறார். அது லொறியில் போனதை மலர் அன்ரிக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.

"நான்தானேம்மா எறிஞ்சனான்" என்றேன். படித்த பிள்ளை, பட்டியல் வைத்திருந்த பிள்ளை.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"நீ எறியாட்டி நான் ஒருநாளும் எறிஞ்சிருக்க மாட்டன்." கொஞ்சம் பொறுத்து, "அதுக்காக நீ செய்தது சரியெண்டில்லை. கேட்டிருக்கோணும்" என்றார்.

இரண்டையும் நான் இன்றுவரை வைத்திருக்கிறேன். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்ததும் உண்டு.

அப்பா வேலையால் வந்ததும், அவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை?

"நீயும் உடைஞ்சு போனால் அந்த நட்டஈட்டுப் போம் எல்லாம் ஆர் நிரப்பிறது?"

பகிடி மாதிரித்தான் சொன்னார். சிரிக்கவில்லை.

சனம் வரட்டும்

அடுத்த நாள் காலை அம்மா ஒரு முடிவோடு எழும்பினார். ரவிக்கு என்று துக்கத்துக்கு ஒரு நாள் வைக்கவேண்டும். அப்பா கோயில் ஐயரிடம் கேட்கலாம் என்றார். "ஐயர் பேந்து வரட்டும்" என்றார் அம்மா. "முதல் சனம் வரட்டும்."

மரண அறிவித்தலை நான் எழுதினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'காலமானார்' என்ற இடத்தில் நிறுத்தி, மாற்றவா என்று பார்த்தேன். "உரத்து வாசி" என்றார். உரத்து வாசித்தேன். "அப்பிடியே இருக்கட்டும்."

மாமாவின் படம் என்று இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான். ஃபார்மசியின் படப் பகுதியில் பெரிதாக்கக் கொடுத்தபோது அங்கே நின்ற பெண், உங்கள் தம்பியா என்று கேட்டாள். படத்தில் அவருக்கு இருபத்தொரு வயது. என் மாமா என்னைவிட ஒரு வயது இளையவர் என்பதை அந்த மேசைக்கு முன்னால்தான் கண்டேன்.

நிலவறையில் மிச்சமாக இருந்த கதிரைகள் எல்லாம் லொறியில் போயிருந்தன. கயேத்தான் மடக்குக் கதிரைகள் கொண்டுவந்தார். எங்கள் அடுப்பு அன்று எரியவில்லை. புரோசார்ட்டிலிருந்தும் கோட்-டெ-நெய்ஜிலிருந்தும் சாப்பாடு வந்தது, எல்லாம் மரக்கறி. நிலவறையில் அரைவாசிச் சுவர் இல்லாத அந்த வீட்டில் முப்பது பேருக்கு மேல் இருந்து ரவியைப் பற்றிக் கதைத்தார்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கு நீச்சல் பழக்குகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு படம் பார்க்கப் போய்விடுவாராம். அம்மாவே அதைச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக, ஒரு சொல்லும் இல்லாமல், எழும்பிப் போனார்கள். ஒவ்வொரு தடவை கதவு சாத்தும்போதும் அம்மாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. அவர் யாரையும் மறிக்கவில்லை.

கயேத்தான் எழும்பினார். கோட்டுச் சூட்டோடு வந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, எல்லாருக்கும் கேட்கக்கூடிய குரலில், "அ லா ப்ரொஷேன், மதாம்" என்றார். அடுத்த முறை சந்திப்போம் என்று அர்த்தம்.

மலர் அன்ரி வாயில் கையை வைத்தார். அப்பா அவருக்குப் பிரெஞ்சில் ஏதோ விளக்க வாயெடுத்தார்.

"விடுங்கோ" என்றார் அம்மா. "அந்த மனிசன் எண்டாலும் வரட்டும்."

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தோம். ஏன் என்று தெரியாமல் கயேத்தானும் சிரித்தார்.

இப்போது எனக்கு இதுதான் வேலை. வெள்ளம், தீ வந்த வீடுகளுக்குப் போகிறேன். கேள்வித் தாளைத் தேத்தண்ணி முடியும்வரை பைக்குள் வைத்திருப்பேன். எறியும் முன் ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கி, இது யாருடையது என்று கேட்பேன். நேரம் எடுக்கிறது என்று மேலாளர் குறைப்படுகிறார். எடுக்கட்டும். 'ஒருத்தரும் சாகேல்லைத்தானே' என்று நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

அந்தத் துக்க நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை அம்மா கார்தெரிக்குத் திரும்பினார். அதற்கு அடுத்த நாள் என்று நினைக்கிறேன். எனக்குக் காலை வகுப்பு. அவர் குசினி அடுப்படியில் நின்றார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில், பதிலுக்குக் காத்திராமல், "போட்டு வாறன்" என்றுவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

"போட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "குடையைக் கொண்டு போ. மழையாம்."

குடையை எடுக்கத் திரும்பியதில் பஸ் போய்விட்டது. எங்கள் தீவில் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்கவேண்டும். நின்றேன்.